வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்

இன்று காலை ஜன்னல்களுக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தார். டப்பாவைத் திறந்து டர்பன்டைனை ஊற்றிக் கலக்கியதும் அந்த நெடி கூடம் முழுக்கப் பரவிவிட்டது. "அத்தை, தலைவலி வரும், பின்னாடி ரூமுக்குப் போயிடுங்க" என்றான் என் தம்பி மகன். நான் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "ஒரு தடவை சொன்னா கேக்குற பழக்கமே கெடையாது உங்களுக்கு" என்று முணுமுணுத்தபடி போனான். உண்மைதான். அந்தப் பழக்கத்தை நான் யாரோடு சேர்ந்து கைவிட்டேன் என்று உனக்குத் தெரியும்.

உன் புடவைத் தலைப்பில் எப்போதும் இந்த நெடி இருக்கும். நீ வராந்தாவில் திரும்புவதற்கு முன்னமே "டிராயிங் டீச்சர் வர்றாங்க" என்று பிள்ளைகள் மூக்கை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற டீச்சர்கள் உன் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். தயிர்சாதத்தோடு பெயிண்ட் வாசனை ஒத்துப்போகாது என்பார்கள். என் பக்கத்தில் உட்காரவும் அவர்கள் யோசித்தார்கள், அதற்கு வேறு காரணம். அப்படித்தான் ஸ்டாஃப் ரூமின் கடைசி பெஞ்சு நம் இருவருக்கும் வாய்த்தது.

நீ போய் இத்தனை காலம் கழித்தும் உன்னைப் பற்றிப் பேச்சு வரும்போது இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். உன் சொந்தக்காரர்களைக் கேட்டால், பாவம், வாயில்லாப் பூச்சி, அழகாகப் படம் போடுவாள் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பழைய ஆட்களைக் கேட்டால், வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தவள் என்கிறார்கள். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி உன்னிடமே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்காவது தப்பாகச் சொன்னால் வழக்கம்போல் குறுக்கே பேசு.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரங்கூன் அரிசி நின்றுபோய், கடலூரில் பாதி அடுப்புகள் ஒருவேளைதான் எரிந்தன. மஞ்சக்குப்பத்தில் ஒரு சேவை கிளப் இருந்தது. வக்கீல்கள், டாக்டர்கள், மண்டி முதலாளிகள் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். அவர்கள் பழைய டவுனில், உப்பனாற்றங்கரையில் வேர்க்கடலை மூட்டை அடுக்கி, பிறகு மூடிக் கிடந்த ஒரு மல்லாட்டைக் கிடங்கைப் பிடித்துக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். கிளப்புக்குப் பிரசிடெண்டாக இருந்த வக்கீலை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் வண்டியிலேயே அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். பசியால் மயங்கி விழுந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். அதை நாம் இருவரும் கண்ணால் பார்த்தோம். நல்ல மனுஷரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம் என்று அப்புறம் நீ சொன்னாய்.

கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். மதிய இடைவேளையில் நாம் இருவரும் போனோம். நான் கணக்கு டீச்சர். என் தாத்தா புவனகிரி பக்கத்துச் சேரியில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, இந்த ஊருக்கு வந்தவர். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நீ சிதம்பரத்துக்காரி. கோயில் மதிலுக்கு எதிர்ச்சாரியில் உங்கள் வீடு. கல்யாணமான சூட்டிலேயே கணவனை இழந்த உன்னை, உன் தாய்மாமா டிரெயினிங் படிக்கவைத்துக் கடலூருக்கு அனுப்பியிருந்தார். நமக்குள் அப்போது "நீங்க, வாங்க"தான்.

முதல் நாள் சமையல்காரர் உன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "எந்தத் தெருங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்க மரத்துக்கு அந்தப் பக்கம் ஊத்துங்கம்மா" என்றார். மரியாதைக்குக் குறைவே இல்லை.

முற்றத்து நடுவில் வேப்பமரம். இந்தப் பக்கம் நிழல், அங்கே ஒரு வரிசை. அந்தப் பக்கம் சுடுமணல், அங்கே ஒரு வரிசை. இரண்டு அண்டாக்கள். நிழல் வரிசை முடிந்த பிறகுதான் வெயில் வரிசைக்கு ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் அந்தப் பக்கத்து அண்டாவில் தண்ணீர் கூடியிருக்கும். நான் ஊற்றினேன். என் வயதை ஒத்த பெண்கள், என் அத்தை ஜாடையில் கிழவிகள், மண்சட்டியை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் புடவை மடிப்பைப் பார்த்தார்கள். படித்து உத்தியோகத்துக்கு வந்த பிறகும் இவள் இங்கேதான் நிற்கிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் நாம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடக்கையில் நீ கேட்டாய்.

"டீச்சர், உங்களை நான் வரையட்டுமா?"

"எதுக்கு?"

"கரண்டியோட. அங்க நிக்கிறாப்போல."

எனக்குச் சுருக்கென்றது. "பாக்குறவங்களுக்கு இரக்கம் வர்றாப்போல வரையப் போறீங்களா? எனக்கு யாரோட இரக்கமும் வேணாங்க."

"இரக்கமெல்லாம் எனக்கு வரையத் தெரியாது. எது எங்க இருக்குதோ அதை அங்க வைக்கத்தான் தெரியும்" என்றாய்.

யுத்த காலத்தில் படம் வரையக் கித்தான் துணி எங்கே கிடைக்கும்? காலியான அரிசிச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்து, துவைத்துக் காயப்போட்டாய். நான் ஓரங்களைத் தைத்துக் கொடுத்தேன். புளியங்கொட்டைப் பசையில் சாக்பீஸ் தூளைக் குழைத்து அதன் மேல் நீ பூசினாய். கடைப் பலகை எழுதுகிறவரிடம் மிச்சம் மீதி வர்ணம் கிடைத்தது. கிடங்கின் ஒரு மூலையில் சட்டத்தைச் சாத்திவைத்து, ஊற்றி முடிந்த பிறகு கொஞ்ச நேரம் வரைவாய். நிழல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாய். பிரசிடெண்ட் ஒருநாள் அதைப் பார்த்தார். நிழல் வரிசைக்குத் தினமும் வருகிற ஒரு பூக்கார அம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரத்தை நீட்டுகிற இடம் மட்டும் முடிந்திருந்தது. மனுஷர் அசந்துபோனார்.

"நம்ம ஊர்லயே இப்படி ஒரு ஆர்ட்டிஸ்டா! வர்ற சனிக்கிழமை எங்க மீட்டிங்குல நீங்க அவசியம் பேசணும். அடுத்த வாரம் கலெக்டர் துரை இங்க பார்வையிட வர்றார். படத்தை அவர் கையால திறந்துவெச்சு நம்ம ஹால்ல மாட்டிடலாம்."

"முழுசா முடிஞ்சதும் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நினைவிருக்கிறதா? பழைய புடவையைப் போர்த்திய படத்தோடு ஜட்கா வண்டியில் மஞ்சக்குப்பம் போனோம். மைதானத்தைப் பார்த்த ஹால். சுவரில் ராஜா படம். கோட்டு போட்டவர்கள் முன்னால், அவர்கள் வீட்டுப் பெண்கள் பக்கவாட்டில். நாம் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி அம்மாள் எழுந்து வேறு இடம் போனாள். டர்பன்டைன் நெடியோ, நானோ தெரியவில்லை. பிரசிடெண்ட் மேஜையில் ஒரு பித்தளை மணி இருந்தது. கூட்டம் தொடங்க ஒரு தட்டு, பேசுகிறவர் நேரம் தாண்டினால் ஒரு தட்டு. எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. கஞ்சித் தொட்டியைப் பற்றி அறிக்கை படித்தார்கள், கைதட்டினார்கள். அப்புறம் உன்னை அழைத்தார்கள். "சித்திரக் கலையும் வீட்டு அலங்காரமும்" என்பது உனக்குக் கொடுத்த தலைப்பு.

நீ தமிழில் பேசினாய். குரல் முதலில் எழும்பவில்லை. "கொஞ்சம் சத்தமா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

"எனக்கு வீட்டு அலங்காரம் தெரியாதுங்க. படம் வரையறதைப் பத்திச் சொல்றேன். படம் வரையறவங்க முதல்ல முடிவு பண்ண வேண்டியது, எங்க நின்னு பாக்குறதுன்னு. ஜன்னல் வழியா பாத்தா ஜன்னல் அளவுதான் தெரியும். வண்டியில உக்காந்து பாத்தா வண்டி போற வழிதான் தெரியும். நான் கஞ்சித் தொட்டியைப் பாத்து நின்ன எடம், வேப்பமரத்துக்கு நேர் எதிர. அங்க நின்னா ரெண்டு பக்கமும் தெரியும்."

போர்த்தியிருந்த புடவையை இழுத்தாய்.

நடுவில் மரம். இடப்பக்கம் நிழலும் பூக்கார அம்மாளும். வலப்பக்கம் வெயில். வெளிறிப்போன மஞ்சளில் அந்த மணலை நீ எப்படித்தான் கொண்டுவந்தாயோ, பார்த்ததும் எனக்கு உள்ளங்கால் சுட்டது. அதன் மேல் நீண்டுகொண்டே போகிற இன்னொரு வரிசை, சட்டிகளோடு. அங்கே கரண்டியோடு நான். முகத்தில் சோகம் இல்லை, புன்னகை இல்லை. கரண்டியிலிருந்து விழும் கஞ்சி தண்ணீராக விழுந்தது.

பெண்கள் பக்கத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். பிரசிடெண்ட் எழுந்தார்.

"படம் பிரமாதம். இதுல அபிப்பிராய பேதமே இல்ல. ஆனா கலெக்டர் துரை பாக்கப் போறார். நம்ம ஊரு வழக்கமெல்லாம் அவருக்குப் புரியாது. ஒரு சின்னத் திருத்தம் பண்ணிடுங்க. எல்லாரையும் ஒரே வரிசையில வரைஞ்சிடுங்க. கலைஞருக்கு அந்தச் சுதந்திரம் உண்டே!"

சிலர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"நீங்க ஒரே வரிசையில நிக்க வையுங்க சார். அன்னிக்குச் சாயங்காலமே வரைஞ்சு தர்றேன்."

"அம்மா, அது ஒரு நாள்ல மாத்துற காரியமா? ஜனங்களே ஒத்துக்கமாட்டாங்க."

"ஜனங்களை யாரு கேட்டாங்க? ரெண்டு அண்டா வாங்கினது கிளப்பு. தண்ணி ஊத்துனது சமையல்காரரு. வெயில்ல நின்னது மட்டுந்தான் ஜனங்க."

மணியைத் தட்டினார். உன் நேரம் முடிந்தது என்று அர்த்தம். நீ பேச்சை நிறுத்தினாய். அந்தப் பித்தளை ஓசை அடங்கும்வரை பொறுமையாக நின்றாய். அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாய். "கலெக்டர் கண்ணுல படக்கூடாதுன்னா, தெனம் மத்தியானம் எங்க கண்ணுல மட்டும் ஏன் படணும்?" மறுபடி தட்டினார். மறுபடி நின்றாய். மறுபடி ஆரம்பித்தாய். இன்றைக்கும் எந்தக் கூட்டத்திலாவது மணிச் சத்தம் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது.

பிரசிடெண்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்து, நயமாகவே கேட்டார்: "கணக்கு டீச்சரே இங்க இருக்காங்க. படிச்சவங்க, நெலமை தெரிஞ்சவங்க. அவுங்களையே கேப்போம். அந்தப் பக்கத்தை மாத்துறதுல உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையேம்மா?"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. இரண்டாம் வரிசையில் நம் பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கும் கரஸ்பாண்டெண்ட் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அப்பாவுக்கு அப்போதுதான் கண் மங்கத் தொடங்கியிருந்தது, என் வருமானத்தில்தான் குடும்பம். நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் எப்படிச் சொன்னாலும் அது என் வார்த்தையாக இருக்கட்டும் என்று விட்டாய். அதற்காகவே உன்னை எனக்குப் பிடித்தது.

எழுந்தேன். "ஆட்சேபணை இருக்குது சார்."

"என்னா ஆட்சேபணை?"

"அது நான் நின்ன எடம். நிழல்ல நிக்கிறாப்போல வரைஞ்சுட்டா, நான் வெயில்ல நின்னதே இல்லைன்னு ஆயிடும். என்கூட நின்னவங்களும் நிக்கலைன்னு ஆயிடும். நாங்க நின்னோம்."

அவ்வளவுதான் பேசினேன்.

படத்தை அவர்கள் மாட்டவில்லை. நாம் அதை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்தின் குறுக்கே நடந்தோம். ஜட்காக்காரன் காத்திருக்காமல் போயிருந்தான். கடல்காற்றில் போர்த்திய புடவை படபடத்தது. பாதி மைதானத்தில் நீ நின்றாய்.

"உன் கை நடுங்குது" என்றாய்.

முதல் தடவையாக "நீ."

"உன்னோடதுந்தான்" என்றேன். பிறகு நாம் சிரித்த சிரிப்பில், பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் சிரித்ததோடு முடித்திருந்தால் நாம் ஒரு மீட்டிங்கைக் கெடுத்தவர்களாக மட்டும்தான் இருந்திருப்போம். திங்கட்கிழமை கிடங்குக்குப் போனதும் நீ உன் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டாய். நான் நிழல் பக்கத்து அண்டாவருகே போய் நின்றேன். சமையல்காரர் ஓடிவந்தார். "இது நடக்காதும்மா. நான் சமைச்ச சோத்தை இப்படிச் செஞ்சா நாளைக்கு எங்க தெருவுல என்னைச் சேக்கமாட்டாங்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டார். வரிசையிலும் சலசலப்பு. சிலர் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு விலகினார்கள். நான் கரண்டியைத் தூக்கியபடியே நின்றேன். முதலில் நின்றவள் பூக்கார அம்மாள். என்னையும் பார்த்தாள், அண்டாவையும் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை சிணுங்கியது.

"பாத்துக்கிட்டு நிக்காம ஊத்தும்மா. ஆறிடப் போவுது" என்றாள்.

ஊற்றினேன். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் பெரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி உப்பு பத்தவில்லை என்றாள்.

கஷ்டம் மரத்துக்கு அந்தப் பக்கம்தான் வந்தது. நீ போய், "எல்லாரும் இந்த வரிசைக்கே வந்துடுங்க" என்றாய். ஒருவரும் அசையவில்லை. ஒரு பெரியவர் கும்பிட்டார். "வேணாம் தாயி. இன்னிக்கு நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு வம்பு எங்க வாசல்லதான் வந்து நிக்கும்" என்றார். நீ அவரை வற்புறுத்தவில்லை. அப்போதுதான் மீன்கூடை சுமக்கிற ஒரு பெண், தலையில் சும்மாடோடு நின்றிருந்தவள், வாயைத் திறந்தாள். "கணக்கு டீச்சரு அங்க நின்னு ஊத்துறாங்க. நாம இங்கயே நின்னா அவுங்களுக்குத்தான் அசிங்கம். வாங்க" என்றாள். யாருக்கும் காத்திராமல் நிழலுக்குள் நடந்து, வரிசையின் கடைசியில், ஒரு நெசவுக்காரக் கிழவிக்குப் பின்னால் நின்றாள். கிழவி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் பார்த்தாள். அவ்வளவுதான். பெரியவர் கடைசியாக வந்தார்.

மறுநாளிலிருந்து பூக்கார அம்மாளும் மீன்காரப் பெண்ணும்தான் சமைத்தார்கள். இருவரும் உப்புக்காகவும் விறகுக்காகவும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு சமைத்தார்கள். கிளப்பில் பாதிப் பேர் தொட்டியை மூடிவிட வேண்டும் என்றார்களாம். ஆனால் கலெக்டர் வருவதாகச் சொல்லியாயிற்று, மூட வழியில்லை. துரை வந்தார். ஒரே வரிசையைப் பார்த்தார், பாராட்டினார். பிரசிடெண்ட் மாலையை வாங்கிக்கொண்டார். நீ வாக்குத் தவறவில்லை. ஒரே வரிசை நின்ற அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலமே இரண்டாவது படத்தை ஆரம்பித்திருந்தாய்.

அதற்குள் கரஸ்பாண்டெண்ட் உன்னைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய மனிதர்களை அவமதித்ததற்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் போதும், விஷயம் முடிந்துவிடும் என்றார். கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். உன் குரல் தெளிவாகக் கேட்டது: "என்னா தப்புன்னு எழுதறது சார்? கண்ணு தெரிஞ்சது தப்புன்னா?"

உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. டிராயிங் இல்லாமல் பள்ளிக்கூடம் நடக்கும், கணக்கு டீச்சர் கிடைப்பது அப்போது அரிது. நானும் ராஜினாமா எழுதப் போனேன். நீ பேனாவைப் பிடுங்கினாய். "ரெண்டு பேரும் போயிட்டா கரண்டியை யாரு புடிக்கிறது? நீ போகக் கூடாது. நீ போயிட்டா அவுங்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைக் குடுக்காத" என்றாய். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து, ஓய்வு பெறும்போது தலைமையாசிரியையாக வெளியே வந்தேன். கடைசிவரை அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்கவேயில்லை.

நீ சிதம்பரத்துக்கு, மாமா வீட்டுக்குப் போனாய். மார்கழியில் நான் ரயிலேறி வந்தேன். திருவாதிரைக் கூட்டம், வீதியெல்லாம் தேர்ச்சக்கரம் பதிந்த தடம். மாமி என்னை உபசாரமாகத்தான் வரவேற்றார். சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் கூடத்தில் இலை விழுந்தது, எனக்குப் பின்பக்கம் கிணற்றடியில். நீ உன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து என் இலைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாய். மாமா ஓடிவந்தார்.

"ஊரு வாயை என்னால மூட முடியாதும்மா."

"ஊரு வாயை மூடச் சொல்லல மாமா. நம்ம வீட்டுக் கதவைத் தொறக்கச் சொல்றேன்."

"உன்னைப் படிக்கவெச்சது நானு."

"ஆமாம் மாமா. அதனாலதான் கேக்குறேன்."

கதவு திறக்கவில்லை. அந்த மாதமே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு தனியாகப் போனாய். கடைப் பலகை எழுதினாய், ஜவுளிக்கடைக்குப் பொம்மை வரைந்தாய். தனியாக இருக்கிற விதவை பலகை எழுதுகிறாளா என்று வேடிக்கை பார்த்தவர்களிடம், "ஓரமா நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாய். மாமா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார் என்று எழுதியிருந்தாய். அந்த அறையின் சுவரில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. இரண்டாவதில் மரம் ஓரத்துக்குப் போய்விட்டது. நடுவில் பூக்கார அம்மாளும் மீன்காரப் பெண்ணும் அண்டாவுக்கு மேல் குனிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி ஏற்றி ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் உன் அறையில் இருந்தபோது, வாசலில் கார் வந்து நின்றது. பிரசிடெண்ட். தலை நரைத்திருந்தது. கோட்டு போய்க் கதர் வந்திருந்தது. என்னையும் பார்த்து "சௌக்கியமா டீச்சர்?" என்று விசாரித்தார். புதுக் காலத்துக்குப் பொருத்தமாக அந்த ஒரே வரிசைப் படத்தை ஹாலில் மாட்ட ஆசைப்படுவதாகச் சொன்னார்.

நீ உட்காரச் சொன்னாய், காபி கொடுத்தாய். "தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க சார். ரெண்டையும் சேத்து மாட்டுறதா இருந்தா."

அவர் முதல் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பழசையெல்லாம் மறந்துடக் கூடாதாம்மா?"

"மறங்க சார். மறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாத்துட்டு மறங்க."

காபியைக் குடித்து முடித்தார். ஒரு கட்டத்தில் கண்ணை உயர்த்திப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெறுங்கையோடுதான் போனார். "குடுத்திருக்கலாமோ?" என்று நான் கேட்டேன். "எதுக்கு? பாதியை மாட்டினா அது பொய்யி" என்றாய். உனக்கு அன்று காபி அதற்கு மேல் இறங்கவில்லை. கண் வெள்ளை மஞ்சளாக இருந்ததை வெளிச்சத்தில் அப்போதுதான் கவனித்தேன். காமாலை. கீழாநெல்லி, ஆஸ்பத்திரி, எல்லாம் பார்த்தோம். ஐப்பசி மழை தொடங்கிய வாரம் போய்விட்டாய்.

படங்களை மாமாதான் எடுத்துப்போய்ப் பரணில் வைத்தார். சாக்கும் புளியங்கொட்டைப் பசையும் கரையானுக்கு நல்ல தீனி. நான் தேடிப் போனபோது ஒரு மூலையில் கொஞ்சம் மஞ்சள் மட்டும் மிஞ்சியிருந்தது. மாமா அழுதார். நான் அழவில்லை. மண்ணாய்ப் போன படத்தை யாராலும் திருத்த முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. கைத்தடி இருக்கிறது, காது கொஞ்சம் மந்தம். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்து விழாவுக்குப் பழைய தலைமையாசிரியை என்று அழைத்திருந்தார்கள். சத்துணவுக் கூடத்தைக் காட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "பாருங்க டீச்சர், எந்த வித்தியாசமும் கெடையாது" என்றார் இளம் தலைமையாசிரியர், பெருமையாக. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ என் கண்ணைக் கெடுத்து வைத்திருக்கிறாயே. முன்பக்கம் பார்த்தால் திருப்தி வருவதில்லை. தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாயடியில் நாலைந்து பெண்பிள்ளைகள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் எந்தத் தெரு என்று கேட்டேன். எல்லோரும் ஒரே தெருவைச் சொன்னார்கள்.

"மத்தத் தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் கை இல்லீங்களா சார்?" என்றேன்.

"அது... அவுங்களா விருப்பப்பட்டுச் செய்யிறாங்க டீச்சர். மேடைக்குப் போலாம் வாங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்த பிள்ளையிடம் தேங்காய் நாரை வாங்கினேன். மற்ற தெருப் பிள்ளைகளும் வந்து கைவைக்கும்வரை மேடைக்கு வரமாட்டேன், நீங்கள் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றேன். மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைமையாசிரியரின் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு அவரே உள்ளே போய்ச் சில பிள்ளைகளை அழைத்து வந்தார். அதில் அவருடைய மகனும் இருந்தான். பையனுக்குத் தேய்க்கத் தெரியவில்லை. கற்றுக்கொள்வான்.

அடுத்த வருஷம் அவர்கள் என்னைக் கூப்பிடமாட்டார்கள். பரவாயில்லை, கூப்பிடாமலே போவேன். பின்பக்க வழி எனக்குத் தெரியும்.